18 வயதுக்கு அப்புறம் காலை 9 மணிக்கு எங்கே போவது?

கேள்வி (வாசகி ஒருவர், 10 ஆகஸ்ட் 2025)
என் மகனுக்கு வரும் மாசியில் 18 முடிகிறது. அறிவுசார் குறைபாடு, 75 சதவீதச் சான்று. சிறப்புப் பள்ளியில் மார்ச்சோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். உதவித்தொகையை உயர்த்தக் கேட்டு மறியலுக்கு வரச்சொல்லி ஒரு சங்கத்தில் கூப்பிடுகிறார்கள். கூட்டத்தில் போய் உட்கார்ந்தால் நம் பிள்ளைகளுக்கு ஏதாவது நடக்குமா? இல்லை, தனியாக மனு கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்ப்பது மேலா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

11 ஆகஸ்ட் 2025, காலை
போங்கள். மனுவும் கொடுங்கள். இரண்டில் ஒன்றுதான் என்று யார் சொன்னது?

என் தம்பிக்கு 36. நான் ஐந்து வயது மூத்தவள். அப்பா இல்லை, அம்மாவுக்கு 70. தம்பிக்கும் அறிவுசார் குறைபாடுதான், கூடவே வலிப்பு. மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. ஒரு நாளைக்கு 66 ரூபாய். ஆந்திராவில் 2024 ஜூலையிலிருந்து மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 6000. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு 15,000. தெலங்கானாவில் 4016. பக்கத்து வீட்டில் என்ன தருகிறார்கள் என்று சொல்லிக் கேட்டால்தான் நம் ஊரில் எதுவும் அசையும். அதனால் போங்கள்.

ஆனால் அக்கா, உங்கள் பிரச்சினை 2000 ரூபாய் இல்லை. ஏப்ரல் முதல் தேதி காலை 9 மணி. குளித்துச் சாப்பிட்டு, பையை மாட்டிக்கொண்டு வாசலில் வேனுக்கு நிற்பான் பாருங்கள், அன்றைக்கு என்ன சொல்வீர்கள்? தம்பி போய்க்கொண்டிருந்த பகல் மையம் 2020-ல் கொரோனாவுக்கு மூடியது. திறக்கவே இல்லை. ஒரு வருடம் தினமும் 9 மணிக்கு செருப்பைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தான். அப்புறம் உட்காருவதை விட்டுவிட்டான். உட்கார்ந்ததை விட, விட்டதுதான் எனக்கு வலித்தது.

11 ஆகஸ்ட், இரவு
காலையில் அவசரமாக எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. 18 முடிந்ததும் அவன் சட்டப்படி மேஜர். அவனுக்காக நீங்கள் போடும் கையெழுத்து செல்லாது, பெற்ற தாயாக இருந்தாலும். வங்கியில் முதலில் இடிக்கும். உதவித்தொகை விழும் கணக்கை அவன் பெயரில் இயக்கச் சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்று கேட்பார்கள்.

1999-ன் நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி (நேஷனல் டிரஸ்ட் என்பது இதற்கான மத்திய அரசு அமைப்பு) இதைக் கொடுப்பது கலெக்டர் தலைமையில் இருக்கும் லோக்கல் லெவல் கமிட்டி. கோர்ட்டுக்கு அலைய வேண்டாம், வக்கீல் வேண்டாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு, இந்த நான்குக்குத்தான் பொருந்தும். கமிட்டி எப்போது கூடும் என்பதுதான் விஷயம். மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். மாசி வரை காத்திருக்காமல் இப்போதே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் போய்க் காகிதங்கள் என்னென்ன என்று கேட்டுவிடுங்கள். பிறந்த தேதிச் சான்றில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு "வ" ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் "பி"யும் இன்னொரு இடத்தில் "வி"யுமாக ஆனதில் நாலு மாதம் போனது.

நிராமயா மருத்துவக் காப்பீடும் அதே சட்டத்தின் கீழ்தான். ஒரு லட்சம் வரை. மருத்துவப் பரிசோதனை கேட்க மாட்டார்கள், வயது வித்தியாசமும் பார்க்க மாட்டார்கள். வருடாவருடம் புதுப்பிக்க மறந்தால் போச்சு.

12 ஆகஸ்ட்
சதவீதம் எப்படிப் போடுகிறார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டுக் கூத்தைச் சொல்கிறேன்.

அறிவுசார் குறைபாட்டுக்கு 2018-ல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்படி (2024-ல் அதைத் திருத்திவிட்டார்கள்) வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலை வைத்துப் போட்டார்கள். தலை சீவுவானா, பொத்தான் போடுவானா, கடைக்குப் போய்ச் சில்லறை சரியாக வாங்கி வருவானா, தனியாகப் பஸ் ஏறுவானா என்று 89 கேள்விகள். பதில் சொல்வது பெரும்பாலும் அம்மா. 55 முதல் 69 மதிப்பெண் என்றால் 50 சதவீதம். 36 முதல் 54 என்றால் 75. 21 முதல் 35 என்றால் 90. அதற்கும் கீழே நூறு. அதாவது பரீட்சையில் குறைவாக எடுத்தால்தான் பாஸ்.

என் அம்மாவுக்கு இது தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போவதால் தம்பிக்குப் புதுச் சட்டை போட்டுக் கூட்டிப் போனார். "தானா குளிப்பானா?" "குளிப்பானே!" "கடைக்குப் போவானா?" "போவானே, தெருமுனை அண்ணாச்சி கடைக்கு!" அண்ணாச்சி இவனைப் பார்த்ததும் தானே பாலை எடுத்துக் கொடுத்து நோட்டில் எழுதிக்கொள்வார் என்பதை அம்மா சொல்லவில்லை. சோப்பு போட்டுவிடுவது தான்தான் என்பதையும் சொல்லவில்லை. பெற்ற வாயால் பிள்ளையைக் குறைத்துச் சொல்ல எப்படி வரும்? 50 சதவீதம் போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பெருமையால் எங்களுக்கு ரெண்டு வருட உதவித்தொகை போச்சு.

ஆகவே போகும்போது எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். "செய்வான்" என்று சொல்லாதீர்கள். "நான் பக்கத்தில் நின்று சொன்னால் செய்வான்" என்று சொல்லுங்கள். அது பொய் இல்லை. உண்மையே அதுதான்.

14 ஆகஸ்ட்
நேற்று முன்தினம் எழுதியதில் ஒரு தப்பு. பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். அறிவுசார் குறைபாட்டுப் பராமரிப்புத் தொகைக்கு 40 சதவீதம் இருந்தாலே போதும். 75 கேட்பது கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் என்ற இன்னொரு பிரிவுக்கு. ஆக, அம்மா சொன்ன பதிலால் தொகை போகவில்லை. விண்ணப்பம் ரெண்டு வருடம் காத்திருப்போர் பட்டியலில் கிடந்தது, அவ்வளவுதான். "ஒதுக்கீடு வந்ததும் கூப்பிடுவோம்" என்றார்கள். இத்தனை வருடமாக நானும் அம்மாவைத்தான் குறை சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன். ஆபீஸின் தப்பை வீட்டில் இருப்பவர்கள் மேல் போட்டுப் பழகிவிட்டோம். இன்று அம்மாவிடம் சொன்னேன். "அதான் எனக்கு அப்பவே தெரியுமே" என்றார்.

14 ஆகஸ்ட், கொஞ்சம் கழித்து
யுடிஐடி அட்டையைப் பற்றி (மாற்றுத்திறனாளிக்கான தேசிய அடையாள அட்டை): அறிவுசார் குறைபாட்டுச் சான்றை 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்க வேண்டும், 18-ல் வாங்குவது ஆயுளுக்கும் செல்லும் என்று அதே 2018 வழிகாட்டுதலில் இருந்தது. உங்கள் பையனுக்கு அந்த வேலையும் மாசியோடு சேர்ந்து வருகிறது. அப்புறமும் யாராவது "புதுசா ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றால் இப்போதைய வழிகாட்டுதலில் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். தம்பிக்கு 33 வயதில் ஒரு மேசையில் "இப்பவும் அப்படியேதான் இருக்காரா?" என்று கேட்டார்கள். "இல்லை சார், போன வெள்ளிக்கிழமை சரியாகிவிட்டது" என்று சொல்ல வாய் வந்தது. அம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

24 ஆகஸ்ட்
மறியலுக்குப் போய் வந்தேன். வெயில். மதியம் வரை உட்காரவைத்துவிட்டு அதிகாரி வந்து மனுவை வாங்கிக்கொண்டார். கைதுசெய்து மண்டபத்தில் வைப்பார்கள் என்று எதிர்பார்த்துத் தம்பியின் மாத்திரை, மாற்று உடுப்பு எல்லாம் கட்டிக்கொண்டு போனதுதான் மிச்சம். அவனுக்குக் கோஷம் பிடித்துப்போய்விட்டது. ரெண்டு நாளாக வீட்டில் சாதம் தாமதமானால் "வழங்கு! வழங்கு!" என்கிறான்.

அங்கே பக்கத்தில் இருந்த சங்கத்து அண்ணன் ஒரு கணக்குச் சொன்னார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு: மற்றவர்களுக்குத் தரும் அதே மாதிரித் திட்டத்தை விட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1200. அதோடு 25 சதவீதம் கூட்டினால் 1500. வருவாய்த் துறை மற்ற மாற்றுத்திறனாளிகளுக்குத் தருவதும் சரியாக 1500. நமக்கு 2000. ஆகச் சட்டத்தைக் காட்டி "குறைவு" என்று வாதாட முடியாது. போதவில்லை என்றுதான் கேட்க முடியும். அதே பிரிவின் ஆரம்பத்திலேயே "அரசு தன் பொருளாதார வசதியின் வரம்புக்குள்" என்று ஒரு வரி வேறு இருக்கிறது. அந்த ஒரு வரியின் மேல் எந்த அரசும் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளலாம்.

பள்ளி ஏன் நிறுத்துகிறது என்பதும் அதே சட்டத்தில்தான். 31-வது பிரிவு இலவசக் கல்வியை 6 முதல் 18 வயது வரை என்கிறது. பிள்ளைகளுக்கு என்றால் கேட்க வழி இருக்கிறது. 2021-ல் உச்ச நீதிமன்றம் தொடக்கப் பள்ளியில் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், அடுத்த நிலையில் 15 பேருக்கு ஒருவர் என்று விகிதமே சொல்லியிருக்கிறது. 19 வயதுக்காரனுக்கு எத்தனை பேருக்கு ஒருவர்? அப்படி ஒரு எண்ணை எங்கேயும் நான் பார்த்ததில்லை.

அதனால் என் கருத்து: தொகையை உயர்த்தக் கேட்பது ரெண்டாவது. பகல் மையமும் வேனும் முதலாவது. 2000-ஐ 6000 ஆக்கினாலும் தம்பி அதே திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பான்.

2 செப்டம்பர்
மேலே உள்ளதற்கு ஒரு தாய் தனிச் செய்தியில் பதில் அனுப்பியிருந்தார். மகளுக்கு மூளை முடக்குவாதம், 22 வயது, தானாகத் திரும்பிப் படுக்கக்கூட முடியாது. இவர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையை விட்டு 14 வருடம் ஆகிறது. "உங்க பகல் மையத்துக்கு என் மகளைத் தூக்கிட்டு வர்றது யாரு? எனக்கு 6000 வந்தா ஒரு ஆளை அரை நாள் வைப்பேன். நீங்க ரெண்டாவதுன்னு எழுதுறீங்க."

படித்துவிட்டு ரெண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை. அவர் சொன்னது சரி. என் தம்பி நடப்பான், தட்டில் போட்டால் சாப்பிடுவான். எனக்கு வேலை இருக்கிறது, அவனைப் பார்த்துக்கொள்ள அம்மா இருக்கிறார். வசதி உள்ள இடத்திலிருந்து வரிசை போட்டுவிட்டேன். முதலாவது, ரெண்டாவது என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அவருக்காகத் தேடியதில்: அதிக ஆதரவு தேவைப்படுபவர்களைப் பார்த்துக்கொள்பவருக்கான படியும் அந்த 24-வது பிரிவிலேயே இருக்கிறது. பராமரிப்புத் தொகை தவிர, தனியாக. அவருக்கு இதை இதுவரை எந்த ஆபீஸிலும் யாரும் சொன்னதில்லை. கேட்டு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

3 செப்டம்பர்
தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இன்று ஒரு விண்ணப்பம் அனுப்பினேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப், ரெஜிஸ்டர் தபால். மூன்றே கேள்வி. நம் மாவட்டத்தில் 18 வயதுக்கு மேற்பட்ட அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் எத்தனை பேர், அவர்களில் பகல் மையத்துக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், அரசு உதவியோடு நடக்கும் பகல் மையங்கள் எந்தெந்த ஊரில்.

நாலாவதாக ஒரு கேள்வி எழுதினேன், கோபமாக. அம்மா படித்துக்காட்டச் சொல்லி, அடிக்கச் சொல்லிவிட்டார்.

7 செப்டம்பர்
சம்பந்தமில்லாத விஷயம், ஆனாலும் எழுதுகிறேன்.

தம்பிக்குப் பஸ் என்றால் உயிர். ஹாரன் சத்தத்தை வைத்தே எந்த வண்டி என்று சொல்வான். 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் டிக்கெட் இல்லை. எங்கள் ஊர் நடத்துநர்கள் எல்லோருக்கும் இவனைத் தெரியும். வெளியூர் வண்டியில் ஏறினால்தான் வம்பு. அட்டையைக் காட்டினால் இவனை மேலும் கீழும் பார்ப்பார்கள். "கை காலெல்லாம் நல்லாத்தானேம்மா இருக்கு?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி ஒருவர் கேட்டார். நான் பதில் யோசிப்பதற்குள் தம்பி கையை நீட்டிக் காட்டி, "நல்லா இருக்கு" என்று அவரிடம் சொன்னான். சந்தோஷமாக. நடத்துநர் சிரித்துவிட்டார், பூஜ்யம் போட்ட டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

இந்த "நல்லாத்தானே இருக்கு" எல்லா மேசையிலும் இருக்கிறது. ஒரு முகாமில் எங்களுக்கு மூன்று சக்கர சைக்கிள் எழுதட்டுமா என்று கேட்டார்கள். இவன் எழுந்து நின்று, "வேண்டாம், பஸ்" என்றான். மாற்றுத்திறனாளி என்றால் ஒரு சக்கரம், ஒரு ஊன்றுகோல், ஒரு கறுப்புக் கண்ணாடி. கையில் எடுத்துக் கொடுக்க ஒரு பொருள் இல்லாத குறைபாட்டை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. போட்டோவுக்கும் வசதியாக இல்லை.

செய்தித்தாள்களும் லேசுப்பட்டவை இல்லை. இன்னும் "மனநலம் பாதிக்கப்பட்ட வாலிபர்" என்றுதான் எழுதுகிறார்கள். அது வேறு, இது வேறு. அதற்கு மனநல மருத்துவர், மாத்திரை. இதற்குப் பயிற்சி, பழக்கம், கூட ஒரு ஆள். ஒரே பெயரில் எழுதினால் ஆபீஸிலும் ஒரே வரிசையில்தான் நிற்கவைப்பார்கள்.

11 அக்டோபர்
ஆர்.டி.ஐ. பதில் வந்தது. ஒரே பக்கம். அட்டை வாங்கியவர்களின் மொத்த எண்ணிக்கை இருக்கிறது. அதற்குக் கீழே: "வயது வாரியான விவரங்கள் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை." மூன்றாவது கேள்விக்குத் தொண்டு நிறுவனங்களின் பட்டியல். ஆறில் நாலு, பள்ளி. ஒன்று தம்பியின் பழைய மையம். 2020-ல் மூடியது அவர்கள் பட்டியலில் மட்டும் திறந்தே இருக்கிறது.

தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் சங்கத்து அண்ணனுக்குப் போன் பண்ணினால் அவர் குரலில் அப்படி ஒரு உற்சாகம். "இதைவிட நல்ல பதில் வராதும்மா. எத்தனை பேருன்னே தெரியலைன்னு அவங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. இதைப் பிரேம் போட்டு மாட்டு."

மேல்முறையீட்டுக்கு 30 நாள் இருக்கிறது. அதை அனுப்பிவிட்டு நாங்களே கணக்கெடுக்கப் போகிறோம். எங்கள் நகரமும் சுற்றி ஏழு ஊரும் மட்டும்.

12 அக்டோபர்
கணக்கு என்றதும் ஒன்று ஞாபகம் வந்து தூக்கம் போய்விட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஒரு டீச்சர் வந்தார். நான் கல்யாணத்துக்கு அப்புறம் அம்மா வீட்டுக்கு வந்திருந்த நேரம். குடும்பத்தில் மாற்றுத்திறனாளி யாராவது உண்டா என்று கேட்டார். அம்மா "இல்லை" என்றார். தம்பி உள்ளே ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான். நானும் வாயைத் திறக்கவில்லை. என் கொழுந்தனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தெரு முழுக்கக் கேட்கும், எதற்கு என்று நினைத்தேன்.

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் என்று அந்தக் கணக்கெடுப்பு சொல்கிறது. இந்தியாவில் 2.68 கோடி. அறிவுசார் குறைபாடு மட்டும் நாடு முழுக்க 15 லட்சம். அந்த 15 லட்சத்தில் என் தம்பி இல்லை. இன்று ஆபீஸில் கணக்கு இல்லை என்று குதிக்கிற நான்தான் அன்றைக்குக் கணக்கில் சேர்க்காமல் விட்டவள்.

அடுத்த கணக்கெடுப்பு 2027. வாசலுக்கு வந்தால் அம்மாவுக்கு முன்னால் நான் போய் நிற்கப் போகிறேன்.

26 அக்டோபர்
பட்டியல்: இதுவரை 31 பேர். எட்டு ஊருக்கு. எல்லோரும் 18-க்கு மேல். மூத்தவருக்கு 52, அவரைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு 79. இரண்டு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. ஒரு வீட்டில் "எங்க வீட்ல அப்படி யாரும் இல்ல" என்றார்கள், உள்ளே சத்தம் கேட்டது. ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். 12-ம் தேதிக் குறிப்பைப் பார்க்கவும்.

31 பேரில் 9 பேருக்குத்தான் பாதுகாவலர் சான்று இருக்கிறது. அதைப் பற்றி ஒரு இளைஞர் இங்கே சண்டைக்கு வந்திருக்கிறார்: "பாதுகாவலர் என்று போட்டால் அவருடைய உரிமையை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள், 2007-ல் இந்தியா ஏற்ற ஐ.நா. உடன்படிக்கைக்கே அது எதிர்." சட்டம் படிக்கிறவர் போல. முதலில் எரிச்சல் வந்தது. வங்கியில் வந்து இதைச் சொல்லுங்கள் தம்பி என்று எழுதி, அழித்தேன்.

யோசித்தால் அவர் சொல்வதிலும் இருக்கிறது. 2016 சட்டத்தின் 14-வது பிரிவில் "வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்" என்றுதான் இருக்கிறது. இருவரும் சேர்ந்து முடிவெடுப்பது, குறிப்பிட்ட விஷயத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு. நான் வாங்கியது நேஷனல் டிரஸ்ட் வழியாக, எல்லாவற்றுக்கும், காலம் முழுக்க. வாங்கும்போது தம்பியிடம் யாரும் கேட்கவில்லை. கமிட்டி முன்னால் உட்கார்ந்திருந்தான். "அக்காவைப் பிடிக்குமா?" என்று கேட்டார்கள். சிரித்தான். அதையே சம்மதமாக எழுதிக்கொண்டார்கள். பிடிக்குமா என்பதும், உன் சொத்துக்கும் உடம்புக்கும் இவள் கையெழுத்துப் போடலாமா என்பதும் ஒன்றா? இருந்தாலும் வங்கிக்கு வேறு வழி இல்லை. இந்தச் சண்டையில் நான் எந்தப் பக்கம் என்று இன்னும் தெரியவில்லை.

பாதுகாவலரானதும் ஆறு மாதத்துக்குள் அவர் சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. நான் கொடுத்தது: அசையாச் சொத்து, இல்லை. அசையும் சொத்து, வங்கியில் 3,140 ரூபாய், பிலிப்ஸ் ரேடியோ ஒன்று, பழைய பஸ் டிக்கெட்டுகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய. கடைசியை அடிக்கச் சொன்னார் எழுத்தர். அடிக்கவில்லை. அவனுக்கு அதுதான் சொத்து.

4 டிசம்பர்
நேற்று மாற்றுத்திறனாளிகள் தின விழா. சிறப்பு விருந்தினர் தாமதம், கேசரி சூடாக இருந்தது. வேறு எழுத ஒன்றுமில்லை.

5 டிசம்பர்
இல்லை, ஒன்று இருக்கிறது. ஏப்ரலில் சட்டசபையில் திருத்தம் வந்ததே, ஊராட்சி, நகராட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராகச் சேர்ப்பது. விழாவில் அதைப் பற்றி நிறையப் பேசினார்கள். நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவரை அந்த நாற்காலியில் யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அதில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாம் சேர்ந்து ஒரே 1 சதவீதத்துக்குள். அந்த 1 சதவீதத்துக்கும் போட்டித் தேர்வு எழுத வேண்டும். அங்கேயே நம் பிள்ளைகள் பாதிப்பேர் கழிந்துவிடுவார்கள்.

பக்கத்தில் இருந்த அம்மாவிடம், "உறுப்பினரானால் தம்பி என்ன கேட்பான்?" என்றேன். "பஸ் ஸ்டாண்டில் நிழற்குடை" என்றார் யோசிக்காமல். அது சரியான கோரிக்கைதான். எங்கள் பஸ் ஸ்டாண்டில் நிழல் இல்லை.

23 டிசம்பர்
31 பேர் பட்டியலோடு கொடுத்த பகல் மைய மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. "தகுதியான தொண்டு நிறுவனம் முன்வரும் பட்சத்தில் விதிகளுக்குட்பட்டுப் பரிசீலிக்கப்படும்."

இதைத்தான் நான் நாலு மாதமாகச் சுற்றிச் சுற்றிச் சொல்ல வந்தேன் என்று இப்போது புரிகிறது. நேஷனல் டிரஸ்டில் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பகல் மையத் திட்டம் இருக்கிறது, விகாஸ் என்று பெயர். பெரியவர்கள் தங்கி வாழ கரௌண்டா. எல்லாம் காகிதத்தில் இருக்கிறது. ஆனால் ஒரு தொண்டு நிறுவனம் வந்து எடுத்து நடத்தினால்தான் உண்டு. ரேஷன் கடை திறக்க யாராவது நல்ல மனுஷன் முன்வரும் வரை அரசு காத்திருக்கிறதா? டவுன் பஸ் ஓட்டத் தொண்டு நிறுவனம் தேடுகிறோமா? ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது, சென்னையில் வித்யா சாகர் இருக்கிறது, இரண்டும் மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு நிறுவனங்கள். முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாட்டுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமே இருக்கிறது. அந்தப் பக்கம் பிறந்தவர்களுக்கு அதிர்ஷ்டம். எங்கள் எட்டு ஊரில் யாருக்கும் அப்படி ஒரு மனசு வரவில்லை என்றால் 31 பேரும் திண்ணையில்.

நேற்று இரவு பதிலைப் படித்துவிட்டு, நாமே ஒரு டிரஸ்ட் பதிவு செய்துவிடலாமா என்று சங்கத்து அண்ணனிடம் கேட்டேன். "செய்யலாம். அப்புறம் நீ கணக்கு எழுதி, மானியம் ஒரு வருஷம் கழிச்சு வந்து, ஆயா சம்பளத்துக்கு நகையை வெச்சு, நாலு வருஷத்துல நீயும் மூடுவ. பழைய மையம் எப்படி மூடினதுன்னு நினைக்கிற?" என்றார். அந்த மையத்தை நடத்திய அம்மாவை நான் எத்தனை முறை திட்டியிருக்கிறேன்.

24 டிசம்பர்
இதற்கு மேல் புகார் சொல்ல யாராவது உண்டா என்று ஒருவர் கேட்டதற்கு: ஆமாம், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். 2016 சட்டப்படி விசாரணையில் சிவில் கோர்ட்டுக்குரிய சில அதிகாரம் உண்டு, ஆளை வரவழைக்கலாம், ஆவணம் கேட்கலாம். அவருக்குப் புகார் அனுப்பத்தான் இந்தக் காகிதங்கள் எல்லாம். இணைப்பு 1, வயது வாரி விவரம் இல்லை என்ற ஆர்.டி.ஐ. பதில். இணைப்பு 2, எங்கள் 31 பேர். இணைப்பு 3, தொண்டு நிறுவனம் முன்வரட்டும் என்ற பதில். வரிசையாக வைத்துப் படித்தால் மூன்றும் தானே பேசுகிறது.

2 ஜனவரி 2026
முதலில் கேள்வி கேட்ட அக்கா நேற்றுதான் எழுதினார். ஆகஸ்டில் பெயர் சரிபார்க்கச் சொன்னேன் அல்லவா, அவர்கள் வீட்டிலும் ஒரு எழுத்து தப்பு, திருத்திவிட்டாராம். மறியலுக்குப் போகவில்லையாம், நாத்தனார் வீட்டு விசேஷம். திட்டவில்லை.

அவர் பையனையும் சேர்த்து இப்போது 32. திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் பகல் மைய மனுவைத் திரும்பவும் கொடுக்கிறோம். இந்த முறை "தொண்டு நிறுவனம் மூலம்" என்ற சொல்லே இல்லாமல், அரசே நடத்த வேண்டும் என்று. எந்தக் கட்டடம் என்றும் எழுதியிருக்கிறோம். நூலகத்துக்குப் பின்னால் சும்மா கிடக்கும் பழைய சத்துணவுக் கூடம். ஒற்றை அறை, ஆனால் பஸ் ஸ்டாண்டுக்கு மூன்று நிமிடம். 14 பேர் தாங்களே நடந்து வந்துவிடுவார்கள். நடக்க முடியாதவர்களுக்கு வேன் கேட்டிருக்கிறோம். செக்கிங் வேலையை விட்ட அந்தத் தாய்தான் அந்தப் பத்தியை எழுதினார், நான் ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

அக்கா, பையனையும் கூட்டி வாருங்கள். தம்பி வருகிறான். ஒன்பதரைக்கு கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்பேன். மனுவில் மூன்று நகல், ஒன்றில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். வாசலில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பையைச் சோதிப்பார்கள், தண்ணீர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்ப்பார்கள், பயப்படாதீர்கள். போன முறை தம்பி தன் பாட்டிலைத் தானே திறந்து போலீஸ்காரரிடம் நீட்டி, "குடிங்க" என்றான். அவரும் குடித்தார்.